சிறுநீரகத்துக்கு வழி தெரிந்த மருந்து

மயக்கத்தில் ஒரு சுண்டெலி படுத்திருக்கிறது. உடல் சூடு இறங்கிவிடாமலிருக்க அடியில் இளஞ்சூடான தட்டு. முதுகில் சின்னக் கீறல் போட்டு, அவரைக்கொட்டை அளவுள்ள சிறுநீரகத்தை வெளியே எடுத்து, அதற்கு இரத்தம் கொண்டுபோகும் காம்பில் ஒரு கவ்வியை மாட்டுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மங்கி நாவல்பழ நிறத்துக்குப் போகிறது. இன்னொரு சிறுநீரகத்துக்கும் அதே கவ்வி. 25 நிமிடம், அதிகம் போனால் 30. கவ்வியை எடுத்ததும் சிறுநீரகம் மறுபடி சிவக்கிறது. கெடுதலில் பெரும்பகுதி அந்தச் சிவப்போடுதான் உள்ளே நுழைகிறது. இரத்தம் இல்லாமல் வாடிய செல்களை, திரும்பி வரும் ஆக்சிஜன் சுடுகிறது.

சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுகளில் பெரும் பங்கு இந்தக் கவ்விக்கும், இதைப் போன்ற வேறு இரண்டு எலிச் சோதனைகளுக்கும் நடுவே நடக்கிறது. கடந்த பத்தாண்டுகளாக அங்கே புதிதாக வந்து நிற்பவை ஆன்டிஆக்சிடன்ட் நானோபொருட்கள். ஆக்சிஜனின் தீய கூட்டாளிகளைப் பிடித்து அடக்கும் நுண்துகள்கள். உடலோடு ஒத்துப்போகும், நஞ்சில்லை, எலி பிழைத்தது என்று கட்டுரை மேல் கட்டுரையாக வருகிறது. நான் படித்தவரை எலி எப்போதும் பிழைக்கிறது. மனிதனும் பிழைப்பானா என்பதற்கு இந்தக் கட்டுரைகள் தரும் சாட்சியம் எவ்வளவு கனமானது என்று நிறுத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் தேவையின் அளவு. சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் 2013ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. தடுத்திருக்கக்கூடிய திடீர் சிறுநீரகப் பாதிப்பால் 2025க்குள் ஒருவரும் சாகக்கூடாது என்பது இலக்கு. அப்போதைய மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 1.33 கோடிப் பேருக்கு இந்த நோய் வருகிறது, 17 லட்சம் மரணங்களோடு அதற்குத் தொடர்பிருக்கிறது. நோயாளிகளில் 85 சதவீதம் பேர் வளரும் நாடுகளில். இலக்கு வைத்த ஆண்டு வந்தேவிட்டது. நோயாளியின் படுக்கையருகே இன்றும் இருப்பது சலைன், இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரைகளை நிறுத்துவது, ஒன்றுக்கும் அசையாவிட்டால் டயாலிசிஸ். சாகப்போகும் சிறுநீரகச் செல்லைக் காப்பாற்றும் என்று நிரூபணமான மருந்து ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்தத் துறையில் யார் எதைக் கொண்டுவந்தாலும் கவனமாகக் கேட்கத்தான் வேண்டும்.

ஆக்சிஜனை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்? இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 300 கிராம். இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுக்குப் போகிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடித்து, அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதையெல்லாம் நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உழைப்புக்காக நுண்குழல் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. இரத்தம் நின்றால் முதலில் திணறுவதும் அவைதான். 2014ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அடங்கிய குழு, இந்தச் சூட்டின் மூலத்தைக் கண்டு சொன்னது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் சக்சினேட் என்ற பொருள் திசுவில் குவிகிறது. ஆக்சிஜன் திரும்பியதும் அது ஒரேயடியாக எரிந்து, எலக்ட்ரான்களைத் தலைகீழாக ஓடவிட்டு, சூப்பராக்சைடைப் பொங்கவைக்கிறது. சூப்பராக்சைடு ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதிலிருந்து ஹைட்ராக்சில் பிறக்கிறது. தொட்டதையெல்லாம் கெடுக்கும் கடைசி ஆள் அதுதான். 1941ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கி, உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீர் நின்று இறந்ததை பைவாட்டர்ஸும் பீலும் பதிவு செய்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து கசியும் மயோகுளோபினில் இரும்பு இருக்கிறது. எலியின் தொடையில் கிளிசரால் ஊசி போட்டுத் தசையைச் சிதைக்கும் சோதனை அந்த நோயின் ஆய்வகப் பிரதி.

உடலுக்குச் சொந்தமாகவே காவல் உண்டு. 1969ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்த சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ், அதற்குத் துணையாக கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ். வெள்ளம் தலைக்கு மேல் போகும்போது இந்தக் காவல் போதாமல் போகிறது. வெளியிலிருந்து ஆள் அனுப்பலாம் என்பதுதான் யோசனை.

அனுப்பிய ஆட்களின் வரிசை வியப்பூட்டுவது. சீரியம் ஆக்சைடு துகள் தன் மேற்பரப்பில் இரண்டு மின்னூட்ட நிலைகளுக்கு இடையே மாறி மாறிப் போய்வந்து, ஒரே துகளே திரும்பத் திரும்ப வேலை செய்யும். 2018ல் வந்த மாலிப்டினம் நுண்கொத்துகள் மிகச் சிறியவை. ஐந்தாம் நிலையிலிருந்து ஆறாம் நிலைக்கு ஏறும்போது தீய மூலக்கூறுகளை விழுங்கி, பிறகு சிறுநீரோடு வெளியேறிவிடும். 2020ல் சீனாவிலிருந்து வந்த தாமிரத் துகள் ஒரே நேரத்தில் பல நொதிகளின் வேலையைச் செய்தது. கருப்புப் பாஸ்பரஸ் தகடுகள், நம் தோலையும் முடியையும் கருப்பாக்கும் மெலனினாலான துகள்கள், செலினியம், கார்பன் புள்ளிகள் என்று நீளும்.

இவற்றில் என்னை அதிகம் நிறுத்தியது 2018ல் விஸ்கான்சினும் ஷாங்காயும் ஷென்சென்னும் சேர்ந்து வெளியிட்ட டி.என்.ஏ. ஓரிகாமி. காகிதத்தை மடித்துக் கப்பல் செய்வது போல டி.என்.ஏ. இழையை மடித்து உருவம் செய்யும் கலை. ரோத்மண்ட் என்பவர் 2006ல் காட்டியது. ஒரு வைரஸின் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்துள்ள நீண்ட இழையைக் குட்டிக் குட்டி இழைகளால் ஆங்காங்கே தைத்து, செவ்வகம், முக்கோணம், குழாய் என்று ஆக்கினார்கள். கதிரியக்கத் தாமிரத்தை அடையாளமாக ஒட்டி எலிக்குள் செலுத்தி, பெட் ஸ்கேனில் பார்த்தபோது படத்தில் சிறுநீரகம் பளிச்சென்று தெரிந்தது. தசை சிதைந்த எலிகளில் செவ்வக வடிவம் சிறுநீரகத்தைக் காத்தது. வேலை முடிந்தால் உடலே டி.என்.ஏ.வைத் துண்டாடிச் செரித்துக்கொள்ளும். அழகான வேலை.

இந்த அழகின் பெறுமதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானோ மருந்துலகின் பெரிய தலைவலி, அனுப்பிய சரக்கு போய்ச் சேராதது. 2016ல் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய துகள்களில் சராசரியாக 0.7 சதவீதமே புற்றுக்கட்டியை அடைந்திருந்தது. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிறுநீரகத்துக்கோ உடம்பிலேயே ஒரு வழி உண்டு. 2007ல் குவாண்டம் புள்ளிகளை வைத்து அளந்தார்கள். 5.5 நானோமீட்டருக்குக் குறைந்த துகள் வடிகட்டியைத் தாண்டிச் சிறுநீருக்குள் போய்விடும். அதைவிடச் சற்றே பெரிதானால் தங்கிவிடும். இந்தத் துறையினர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது புத்திசாலித்தனம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் வழி கண்டார்கள். சுமார் 400 நானோமீட்டர் பருமனுள்ள பாலிமர் துகள்கள் வடிகட்டி வழியே போக முடியாது, ஆனாலும் நுண்குழல் செல்களில் போய்த் தங்குகின்றன என்று நியூயார்க் குழு ஒன்று 2015ல் காட்டியது. இடம் சேர்ப்பது என்ற கணக்கில் இவர்கள் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள் என்றே சொல்வேன். பெட் ஸ்கேன் ஒட்டிய அடையாளத்தைத்தான் காட்டும், துகள் முழுதாக இருக்கிறதா என்று காட்டாது என்ற ஒரு சிறு எச்சரிக்கையோடு.

ஆனால் அதே ஓரிகாமி கட்டுரையில் ஒரு செய்தி இருக்கிறது. ஒப்பிடுவதற்காக அவர்கள் வைத்துக்கொண்ட மருந்து என்-அசிடைல்சிஸ்டீன். எலியில் ஓரிகாமி தந்த பலன் அதற்கு நிகராக இருந்தது. பாராட்டாகச் சொல்லப்பட்ட அந்த வரியில்தான் எனக்குக் கவலை தொடங்குகிறது.

ஏனென்றால் அந்தப் பழைய மருந்தின் வரலாறு மனிதர்களில் எழுதி முடிந்துவிட்டது. 2000ல் 83 நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு. ஸ்கேனுக்காகச் செலுத்தும் சாய மருந்தால் சிறுநீரகம் கெடுவது, இதைக் கொடுத்தவர்களில் 2 சதவீதம், கொடுக்காதவர்களில் 21 சதவீதம். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் ஸ்கேனுக்கு முன்னால் இந்த மருந்து வழக்கமானது. மலிவு, கெடுதலில்லை, கொடுத்து வைப்போமே என்ற எண்ணம். 2011ல் பிரேசிலில் 2308 பேரிடம் சரிபார்த்தார்கள். கொடுத்தவர்களில் 12.7 சதவீதம், கொடுக்காதவர்களில் 12.7 சதவீதம். தசம புள்ளி வரை ஒன்று. பிறகு சுமார் 5000 பேரைக் கொண்ட இன்னும் பெரிய ஆய்வு 2018ல் அச்சானது. 90 நாட்களுக்குள் மரணம், டயாலிசிஸ் அல்லது தீராத சிறுநீரகச் சரிவு மருந்து பெற்றவர்களில் 4.6 சதவீதம், பெறாதவர்களில் 4.5.

நானோ தரப்புக்கு இதற்கு நல்ல பதிலே இருக்கிறது, அதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். என்-அசிடைல்சிஸ்டீன் உடம்பெங்கும் பரவி, சில மணி நேரத்தில் கரைந்துபோகும் சின்ன மூலக்கூறு. ஒன்றைப் பிடித்தால் அதோடு தீர்ந்தது. நானோ துகளோ வினையூக்கி, ஆயிரம் முறை பிடித்தாலும் தீராது. அது சிறுநீரகத்திலேயே போய் உட்காருகிறது. மேலும், ஸ்கேன் சாயத்தால் வரும் பாதிப்பே நாம் பயந்த அளவுக்கு உண்மைதானா என்று சிறுநீரக மருத்துவர்களே இன்று சந்தேகிக்கிறார்கள். இல்லாத நோயில் மருந்து தோற்றது தோல்வியா? நியாயமான வாதம். ஆனால் இது ஒரு விஷயத்தைத் தொடவில்லை. எலிச் சோதனையில் என்-அசிடைல்சிஸ்டீன் ஜெயிக்கிறது. மனிதனில் தோற்ற மருந்தையும் பாஸ் போடும் பரீட்சையில், புது மருந்து அதே மதிப்பெண் வாங்கியதென்றால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன மரியாதை?

மூளைக்கும் இதே கதை நடந்திருக்கிறது. பக்கவாதத்தில் ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடிக்கும் என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்து விலங்குகளில் அருமையாக வேலை செய்தது. 2006ல் 1722 பேரிடம் நடந்த முதல் பெரிய ஆய்வில் சிறு பலன் தெரிந்தது. அடுத்த ஆண்டு வெளியான இரண்டாம் ஆய்வில், 3306 பேரில், ஒன்றுமில்லை. இத்தனைக்கும் அதை உருவாக்கியவர்கள் விலங்குச் சோதனைக்கான கடுமையான விதிகளைப் பின்பற்றப் பார்த்தவர்கள்தான்.

சரி, தோற்றது எதனால்? மூன்று காரணங்களில் முதலாவதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தை அறுப்பின்போது சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. வண்டி பிடித்து, முதலில் போன ஆஸ்பத்திரியில் இங்கே முடியாது என்று திருப்பிவிட்டு, அடுத்த இடத்தில் விஷமுறிவு மருந்து ஏறியபோது ஐந்து மணி நேரம் ஓடியிருந்தது. அன்று இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் இரவு நான் துணைக்கு இருந்தேன். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையின் அடியில் கொஞ்சம், காப்பி டிகாஷன் நிறத்தில். காலை ஆறரைக்கு டாக்டர் வந்து கேட்டார், “அவுட்புட் எவ்வளவு சிஸ்டர்?” சிஸ்டர் குனிந்து பையின் கோட்டைப் பார்த்துவிட்டு, “ராத்திரி 12லேர்ந்து 40தான் சார்” என்றார். 60 கிலோ உடம்புக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். ஆறு மணி நேரம் அதற்குக் கீழே போனால், அல்லது 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 ஏறினால், 2012ல் வகுத்த சர்வதேச விதிப்படி அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. கேஸ் ஷீட்டில் நோயின் பெயர் எழுதப்பட்டது அந்தக் காலையில். நோய் தொடங்கியது அதற்கு இரண்டு நாள் முன்பு, வரப்பில்.

கிரியாட்டினின் தாமதமாகத்தான் பேசும். சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அது தெளிவாக ஏறும். அதற்குள் சூப்பராக்சைடின் முதல் வீச்சு அடங்கிப் போயிருக்கும். சோதனைக்கூடத்திலோ துகளைக் கவ்வி மாட்டுவதற்கு முன்போ, எடுத்த சில நிமிடங்களிலோ, கிளிசரால் போட்ட சில மணி நேரத்துக்குள்ளோ செலுத்துகிறார்கள். நான் பார்த்த கட்டுரைகளில், கிரியாட்டினின் ஏறிய பிறகு முதல் ஊசி போட்டவை மிக அரிது. இந்தத் துகள்களைச் ‘சிகிச்சை’ என்று எழுதுகிறார்கள். செய்து காட்டியிருப்பது தடுப்பு. கிரியாட்டினினுக்கு முந்திச் சொல்லும் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்கா 2014லேயே அனுமதி தந்திருக்கிறது. அது தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்கனவே படுத்திருப்பவருக்குப் பயன்படும். வரப்பிலிருந்து வருகிறவருக்கு அல்ல.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. மனித சிறுநீரகத்தில் அந்த ஆக்சிஜன் வீச்சு உண்மையிலேயே நடக்கிறதா? நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் இதை நேரடியாகப் பார்க்க ஒரு வழி கண்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்தைப் பொருத்தி இரத்தம் திறந்துவிடும் நேரம்தான் மனிதனில் கவ்வி எடுக்கும் நேரம். அந்த நிமிடங்களில் சிறுநீரகத்திலிருந்து வெளியேறும் இரத்தத்தை எடுத்து அளந்தார்கள். எதிர்பார்த்த ஆக்சிஜன் சேதத்தின் தடயங்கள் பொங்கி வரவில்லை என்று 2013ல் எழுதினார்கள். எலியில் சொல்லப்பட்ட சக்சினேட் கதை மனிதனில் பொருந்தவில்லை என்று 2016ல் எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. இரத்தம் நின்ற மனித இதயத் திசுவிலும் சக்சினேட் குவிவதைப் பிறகு காட்டியது. வழக்கு முடியவில்லை. ஆனால் இது முடியாத வழக்கு என்பதே நானோ கட்டுரைகளின் முன்னுரையில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆக்சிஜன்தான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது போலவே அவை முதல் பத்தியைத் தொடங்குகின்றன.

எலியும் எந்த எலி? பெரும்பாலும் இளம் ஆண் எலி. பெண் எலியின் சிறுநீரகம் இந்தக் கவ்வியை நன்றாகவே தாங்கும் என்பது தெரிந்த செய்தி. அதனால்தான் ஆணை எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவரோ 65 வயதுக்காரர், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஏற்கனவே பாதி தேய்ந்த சிறுநீரகம், மேலே நோய்த்தொற்று. நோய்த்தொற்றால் சிறுநீரகம் கெடும்போது செல்கள் கூட்டமாகச் சாவதுகூட அதிகம் தென்படுவதில்லை. அந்த வகைக்கும், கவ்வி எலிக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

மூன்றாவது, ‘உடலோடு ஒத்துப்போகும்’ என்ற சொல். இந்தத் துறையில் நான் மிகவும் அஞ்சும் சொல் இதுதான். காரணம் கேடோலினியம்.

எம்.ஆர்.ஐ. படம் தெளிவாக வர ஊசியில் போடும் கேடோலினியச் சாயம் 1988 முதல் சந்தையில் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குப் போட்டால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். ஸ்கேன் சாயத்தைவிட இது சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது என்று நம்பி, சிறுநீரக நோயாளிகளுக்கென்றே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1997ல் கலிபோர்னியாவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் மரப்பலகை போல இறுகத் தொடங்கியது. முழங்கால் மடங்கவில்லை, கை விரல் விரியவில்லை. என்னவென்று தெரியாமல் ஒன்பது ஆண்டுகள் போயின. 2006ல்தான் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு மருத்துவர் விரலை கேடோலினியத்தின் பக்கம் நீட்டினார். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் அதே சாயம் பாதி வெளியேற 30 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. அத்தனை நேரம் உள்ளேயே சுற்றியதில் பிடி தளர்ந்து உலோகம் திசுவில் இறங்கிவிட்டது. பொருளில் மாற்றமில்லை. வெளியேறும் கதவு மூடிக்கிடந்தது.

மாலிப்டினம் கொத்தும், மற்ற ஐந்து நானோமீட்டர் துகள்களும் தங்கள் பாதுகாப்புக்குக் காட்டும் முதல் ஆதாரம், சிறுநீரோடு வேகமாக வெளியேறிவிடுகின்றன என்பது. ஆனால் சிறுநீர் நின்றுபோன நோய்க்குத்தானே அவற்றைக் கொடுக்கப் போகிறோம்? பாதுகாப்புச் சோதனையில் பெரும்பாலும் நல்ல எலிக்கு ஊசி போட்டு, ஒரு மாதம் போலக் காத்திருந்து, உறுப்புகளை வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். மூடிய கதவுள்ள எலியில் மூன்று மாதம், ஆறு மாதம் பார்த்தவை எங்கே? சீரியம் ஆக்சைடு, எலியின் கல்லீரலிலும் மண்ணீரலிலும் மாதக்கணக்கில் குடியிருக்கும் என்று வேறு நச்சியல் ஆய்வுகள் ஏற்கனவே சொல்லியிருக்கின்றன.

துகள் போய் அமரும் இடத்தின் புளிப்பும் முக்கியம். இரும்பு ஆக்சைடு துகள் நடுநிலைச் சூழலில் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்கும். செல்லுக்குள் லைசோசோமின் அமிலத்தில் அதே துகள் ஹைட்ராக்சிலை உண்டாக்கும் என்று 2012ல் காட்டினார்கள். செல் எந்தத் துகளையும் விழுங்கி முதலில் போடுவது லைசோசோமில்தான். காவலுக்கு அனுப்பிய ஆள் உள்ளே போய்க் கட்சி மாறுகிறான். தாமிரத்துக்கும் இந்தக் குணம் உண்டு.

இதே புளிப்பைச் சாதகமாக்கிக்கொண்ட ஒரு வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் நான் படித்தவற்றில் அதிகம் சிந்தித்துச் செய்யப்பட்டது அது. சிஸ்பிளாட்டின் புற்றுநோய்க்கு 1978 முதல் கொடுக்கப்படும் மருந்து. கட்டியையும் கொல்லும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீரகத்தைக் காக்க ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் கட்டியையும் காப்பாற்றிவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. 2021ல் ஒரு சீனக் குழு, கட்டியின் புளிப்புச் சூழலில் வேலைநிறுத்தம் செய்துவிடும் சீரியம் துகளைச் செய்தது. சிறுநீரகத்தில் காவல், கட்டியில் ஓய்வு. கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள், நேரமும் சரி, ஏனென்றால் சிஸ்பிளாட்டின் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஏறப்போகிறது என்று நமக்குத் தெரியும். குறை ஒன்றுதான். எலிக்கு ஒரே தடவை. மனிதனுக்குச் சிஸ்பிளாட்டின் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறாத சீரியம் கல்லீரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

ஆகவே என் முடிவு இது. ஏற்கனவே சிறுநீர் நின்று படுத்திருப்பவருக்கான சிகிச்சை என்ற வகையில் இந்த நானோபொருட்களை இன்றைய சாட்சியத்தில் ஏற்க முடியாது. எலிச் சோதனையின் வெற்றி அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்த இடங்களில் தடுப்பாக முயன்று பார்ப்பதற்கு இவை தகுதியானவை. சிஸ்பிளாட்டின் சுற்றுகள், இதய அறுவை, மாற்றுச் சிறுநீரகம். இதய அறுவைக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்காவது சிறுநீரகம் தளர்கிறது, அறுவையின் நாளும் நேரமும் முன்பே குறித்தது. அங்கே நேரம் தவறாது.

எல்லாப் பொருளுக்கும் ஒரே வரிசையில் இடம் தரவும் கூடாது. உடல் தானே உடைத்துச் செரிக்கக்கூடியவை முன்னால் போகட்டும். மெலனின், டி.என்.ஏ., கரையும் பாலிமருக்குள் அடைத்த பழைய மருந்துகள். அந்தப் பாலிமர் வழியில் ஆய்வாளர்கள் எடராவோன் என்ற மருந்தை அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 2001 முதல் பக்கவாதத்துக்குக் கொடுக்கப்படுவது. மனிதனில் அதன் குணம் தெரியும் என்பது பெரிய பலம். அதே ஜப்பானில், சிறுநீரகம் கடுமையாகக் கெட்டவர்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. தனி மருந்தாகச் சிறுநீரகத்தைப் பயமுறுத்திய ஒன்றைத் துகளுக்குள் வைத்துச் சிறுநீரகத்துக்கே அனுப்புகிறவர்கள் அந்தக் கணக்கை முதலில் தீர்க்க வேண்டும். சீரியம், தாமிரம், மாலிப்டினம் முதலானவை, மூடிய கதவுள்ள விலங்கில் நீண்ட நாள் பார்க்கும்வரை பின்னால் நிற்கட்டும். டி.என்.ஏ. ஓரிகாமியைக் கிராம் கணக்கில் செய்ய ஆகும் செலவு அதைத் தாமதப்படுத்தும், ஆனால் அது பாதுகாப்பின் குறை அல்ல.

எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது, பலரும் கண்டுகொள்ளாத ஓர் இடம். மாற்றுச் சிறுநீரகத்தை உடலுக்கு வெளியே வைத்து, உடல் சூட்டில் இரத்தம் ஓடவிடும் இயந்திரம். 2017ல் யேலும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து, பொருத்த முடியாது என்று ஒதுக்கப்பட்ட மனித சிறுநீரகங்களை அந்த இயந்திரத்தில் ஏற்றி, இரத்தக்குழாய்ச் சுவரைத் தேடிப் பிடிக்கும் நானோ துகள்களைச் செலுத்தினார்கள். அது ஆன்டிஆக்சிடன்ட் ஆய்வல்ல. ஆனால் உறுப்பு மனிதனுடையது. கல்லீரல் வழிமறிக்கவில்லை. கவ்வி எடுக்கும் நேரத்தை நாமே தீர்மானிக்கலாம், மிஞ்சிய துகளைப் பொருத்துவதற்கு முன் கழுவி வெளியேற்றலாம். அவர்கள் ஒளிக்காமல் எழுதிய தொல்லையும் உண்டு. அடைபட்ட நுண்குழாய்களில் துகள்கள் குறியில்லாமல் போய்த் தேங்கின. எலி ஒருபோதும் சொல்லியிருக்காத செய்தி. இயந்திரம் மட்டுமே மந்திரம் செய்யாது என்பதும் தெரிந்ததே. ஒரு மணி நேரம் அதில் ஓட்டிய சிறுநீரகங்கள், பனிக்கட்டியில் வைத்தவற்றைவிடச் சீக்கிரம் வேலையைத் தொடங்கவில்லை என்று 2023ல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. அதனாலேயே அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன மருந்தைச் சேர்ப்பது என்ற கேள்வி காலியாக இருக்கிறது. லைடன்காரர்களின் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கும் அதுவே களம். துகளோடு ஒரு சிறுநீரகம், அதே கொடையாளரின் இன்னொரு சிறுநீரகம் துகள் இல்லாமல்.

சித்தப்பாவுக்கு ஐந்து டயாலிசிஸ் ஆயிற்று. பதினோராம் நாள் பையில் 900 மில்லி வந்தது. வீடு திரும்பிவிட்டார், வயலுக்கும் போகிறார். கிரியாட்டினின் மட்டும் 1.5க்குக் கீழே இன்றுவரை இறங்கவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிட்டையை எடுத்துக்கொண்டு போகிறார். எலிக் கட்டுரைகள் பெரும்பாலும் 24 மணி நேரத்தில், 48 மணி நேரத்தில் கிரியாட்டினினை அளந்து எலியைக் கொன்றுவிடுகின்றன. அடுத்து வரும் கட்டுரையில் நான் முதலில் புரட்டிப் பார்க்கப்போவது இரண்டு எண்களை. அடி விழுந்து எத்தனை மணி நேரம் கழித்து ஊசி போட்டார்கள், ஊசி போட்டு எத்தனை மாதம் கழித்து அந்தச் சிறுநீரகத்தைத் திறந்து பார்த்தார்கள்.